நடக்காததைத்தான் போட வேண்டும்

என் வீட்டுக்காரர் எத்தனையோ தடவை செத்திருக்கிறார். பிரசவ விடுப்பில் போயிருக்கிறார். ஒரு தடவை பிறப்பதற்கு முன்பே வேலைக்குச் சேர்ந்து நல்ல பெயரும் வாங்கியிருக்கிறார். எல்லாம் கம்ப்யூட்டருக்குள்தான். வெளியே அந்த மனுஷன் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரே நாற்காலியில், ஒரே பதவியில் உட்கார்ந்திருக்கிறார்.

அவர் பிரிவில் எந்தப் புது ரிப்போர்ட் செய்தாலும், அதை வெளியே விடுவதற்கு முன்னால் பொய்த் தகவல் ஒன்றைப் போட்டு ஓட்டிப் பார்ப்பார்கள். பொய்க்கும் ஒரு ஆள் வேண்டுமே, அந்த ஆள் இவர். ஏன் இவர் என்று கேட்டால், “அவர் கோவிச்சுக்க மாட்டார்” என்பார்கள். கோபித்துக்கொள்ளாதவர் தலையில்தானே எல்லாரும் மிளகாய் அரைப்பார்கள். சோதனைக்கு எலி வேண்டும் என்று யாரோ சொன்னதிலிருந்து இவருக்குப் பெயரே எலி. முகத்துக்கு நேராக ‘எலி அண்ணே’. அண்ணே போட்டுவிட்டால் மரியாதை வந்துவிடுமாம்!

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்த விதியைப் போட்டவரே இவர்தான். முன்பெல்லாம் பொய்த் தகவலும் நிஜம் மாதிரியே இருக்கும். அப்படி ஒரு ஸ்டோர் கீப்பருக்குச் சோதனைக்காக இடமாற்றம் போட்டார்கள். அது எப்படியோ நிஜத்தோடு கலந்துவிட்டது. அந்த மனுஷன் வீட்டைக் காலி செய்து, சாமான்செட்டை எல்லாம் லாரியில் ஏற்றிக்கொண்டு போய் இறங்கிய பிறகுதான், ‘உங்களை இங்கே யார் வரச் சொன்னது’ என்று கேட்டிருக்கிறார்கள். அன்றைக்கு இவர் வீட்டுக்கு வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்து சாப்பிடாமல் எழுந்து போனார். செய்தது இவர் இல்லை, பக்கத்து மேஜைக்காரர். இருந்தாலும் இவருக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

மறுநாள் போய் ஒரு விதி போட்டார். சோதனைக்கு நடக்கவே முடியாததைத்தான் போட வேண்டும். ஆம்பளைக்குப் பிரசவம், செத்தவருக்கு வருகைப் பதிவு, அந்த மாதிரி. தப்பித்தவறி நிஜத்தோடு கலந்தாலும் பார்த்த உடனே யாருக்கும் தெரிந்துவிடும், யாரும் ஏமாற மாட்டார்கள். நல்ல விதிதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மற்றவர்களின் பேரைப் போட்டால் வருத்தப்படுவார்கள் என்று, “என் பேரைப் போட்டுக்குங்க” என்று தானாகப் போய்த் தலையை நீட்டினார் பாருங்கள், அங்கேதான் எனக்கு எரிகிறது.

அந்தப் பிரிவுக்குப் பெரிய அதிகாரி என் அக்காவின் வீட்டுக்காரர். எனக்கு மாமா, இவருக்குச் சகலை. இவருக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் மாமாதான். அதே கம்பெனியில் வரவேற்பு மேஜையில் என்னை உட்கார வைத்தவரும் அவர்தான். இதை நாங்கள் மறந்துவிடக் கூடாது என்பதற்காக அவரே அடிக்கடி ஞாபகப்படுத்துவார். ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனால் சோற்றோடு அதையும் சேர்த்துத்தான் பரிமாறுவார்கள்.

“இந்த வாரம் உன் வீட்டுக்காரனுக்குப் பிரசவ லீவு குடுத்தோம். தாயும் சேயும் நலம்” என்பார் மாமா. அவருடைய தம்பி, சின்னவர் என்போம், அவரும் அதே பிரிவில்தான் இருக்கிறார், “எலி அண்ணே, குழந்தைக்குப் பேரு வச்சாச்சா?” என்று கேட்பார். மேஜையைச் சுற்றி ஒரே சிரிப்பு. என் அக்காகூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்குவாள். என் வீட்டுக்காரரும் சிரிப்பார். அவர் சிரிப்பதுதான் எனக்குத் தாங்காது.

“உங்களுக்கு ரோஷமே கிடையாதா?” என்று வழியில் கேட்பேன்.

“ரிப்போர்ட் சரியா வந்துச்சும்மா. அவ்வளவுதானே வேணும்” என்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றில்தான் மாமா, கை கழுவிக்கொண்டே, அந்த வார்த்தையைச் சொன்னார். “தம்பி, ரிப்போர்ட் சர்வரைப் போர்ட்டலோட இணைக்கணும்னு மேலிடத்துல கழுத்துல கத்தி வைக்கிறாங்க. வெளியாளைக் கூப்பிட்டா அவன் ஒரு வருஷம் உட்கார்ந்து சாப்பிடுவான். நீ முடிச்சுக் குடு. பிரிவுத் தலைவர் பதவி காலியாத்தானே கிடக்கு. முடிச்ச அன்னிக்கு ஆர்டர். நான் பாத்துக்கறேன்.”

என் வீட்டுக்காரர் துண்டை எடுத்து மாமாவிடம் நீட்டினார். ஆனால் திரும்பி வரும்போது பஸ் நிறுத்தத்தில் பஸ் வந்து நின்றதையும் போனதையும் அவர் பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை. பிரிவுத் தலைவர் என்றால் கண்ணாடி அறை, தனிக் கதவு. அதைவிட, அந்த அறையில் இருப்பவரை யாரும் எலி என்று கூப்பிட முடியாது. எனக்கு வேண்டியது அதுதான். அவருக்கும் அதுதான் என்று நினைத்தேன்.

இணைப்பதென்றால் என்ன என்று எனக்கு அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னார். எங்கள் வீட்டில் நறுக்குவது அவர், தாளிப்பது நான்.

“டேட்டாபேஸ்தான் மளிகை வைக்கிற அறை. ரிப்போர்ட் சர்வர் அடுப்படி. போர்ட்டல் சாப்பாட்டு மேஜை. இத்தனை நாளா எல்லாரும் தட்டைத் தூக்கிக்கிட்டு அடுப்படிக்கே வந்து நின்னாங்க. அதுக்கு வேற பாஸ்வேர்டு, வேற வாசல். இனிமே போர்ட்டலைத் திறந்தா மேஜையிலயே எல்லாம் இருக்கும்.”

“பரிமாறுறது யாரு?”

“நான்தான்.”

“சாப்பிடுறது?”

“அவங்கதான்” என்று சிரித்தார். நான் அன்றைக்கே அந்தச் சிரிப்பைக் கண்டித்திருக்க வேண்டும்.

சொல்ல எளிதாக இருந்ததே தவிர, வேலை அவரைச் சக்கையாகப் பிழிந்தது. போர்ட்டலுக்கு ரிப்போர்ட் சர்வரைப் பிடிக்கவில்லை. ‘நீ யார், உன்னை நான் ஏன் நம்ப வேண்டும்’ என்று அது கேட்குமாம். சர்வர் திருப்பி அதையே கேட்குமாம். இரண்டுக்கும் நடுவில் கல்யாணத் தரகர் மாதிரி இவர் அலைந்தார். இந்தக் கணக்குக்கு அனுமதி கொடு, அந்தக் கணக்குக்கு அனுமதியைப் பிடுங்கு, இதற்கு ஒத்துப்போகிற பதிப்பைப் போடு, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பி. சட்டை தோளில் தொங்க ஆரம்பித்தது. வாயைத் திறந்தால் கனெக்‌ஷன், மூடினால் அனுமதி. பக்கத்து வீட்டுக்காரம்மா, “உங்க வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லையா?” என்று என்னிடம் கேட்டுவிட்டார்கள். மாமா வீட்டில் எல்லாரும் நன்றாகத்தான் இருந்தார்கள். சின்னவருக்குக் கொஞ்சம் தொந்திகூட விழுந்திருந்தது.

கடைசியில் இணைந்தது. போர்ட்டலின் முதல் பக்கத்தில் ‘புதிய பொறுப்புகள்’ என்று ஒரு பெட்டி. யாருக்காவது பதவி உயர்வு வந்தால் அவர் படம், பெயர், பதவி எல்லாம் டேட்டாபேஸிலிருந்து தானாக எடுத்துக்கொண்டு வந்து அங்கே நிற்கும். இயக்குநர்களுக்குக் காட்டுவதற்கு முந்தின நாள் சாயங்காலம், என் வரவேற்பு மேஜைக்குப் பின்னால் சுவரில் இருக்கும் பெரிய திரையில் அதைப் பார்க்க இவர் வந்து நின்றார். பெட்டிக்குள் ‘எதுவும் இல்லை’ என்று இருந்தது.

“என்னங்க, காலியா இருக்கு?”

“சோதனை டேட்டாபேஸிலிருந்து நிஜ டேட்டாபேஸுக்கு இப்பத்தான் என் கையால மாத்தினேன். இந்த மாசம் யாருக்கும் ஆர்டர் வரலை. இல்லைன்னா இல்லைன்னுதான் காட்டணும். அதுதான் சரி.” காலிப் பெட்டியைப் பார்த்து ஒரு மனுஷன் அவ்வளவு சந்தோஷப்பட்டதை நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் நான் வந்து பையை வைத்துவிட்டுத் திரும்பினேன். பெட்டி காலியாக இல்லை. என் வீட்டுக்காரரின் படம் சுவரில் இருந்தது. கம்பெனி அடையாள அட்டைக்காக எடுத்த அந்தப் பழைய படம்தான், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு. கீழே அவர் முழுப் பெயர். அதற்குக் கீழே, பிரிவுத் தலைவர்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போனை எடுத்து மாடியில் இருந்த அவரைக் கூப்பிட்டேன்.

“என்னங்க, உங்க படம் வந்திருக்கு. பிரிவுத் தலைவர்னு போட்டிருக்கு. இது டெஸ்ட்தானே?”

அந்தப் பக்கம் மூச்சு வாங்குவது கேட்டது. “நானும் இப்பத்தான் பாத்தேன். டெஸ்ட் இல்லம்மா. நேத்து நிஜத்துக்கு மாத்தினேன், நீயே பாத்தியே, காலியா இருந்துச்சு. இன்னிக்கு வந்திருக்குன்னா, நடுவுல ஆர்டரை ஏத்தியிருக்காங்க. உன் மாமா சொன்ன வார்த்தையைக் காப்பாத்திட்டார்.”

“நல்லாப் பாத்தீங்களா?”

“என் கனெக்‌ஷன்மா அது. அது பொய் சொல்லாது.”

அவர் குரல் உடைந்தது. வரவேற்பு மேஜையில் உட்கார்ந்துகொண்டு அழக்கூடாது என்பதற்காக, மேஜைக்கு அடியில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

பிறகு நான் செய்ததெல்லாம் தலைகால் புரியாத கூத்து. வந்த தபால்காரரிடம் திரையைக் காட்டினேன். துப்புரவுக்கு வந்த அம்மாவிடம் காட்டினேன். என் மாமனாருக்கு போன் போட்டேன். மகன் எதற்கும் லாயக்கில்லை என்று சொல்லிச் சொல்லியே வளர்த்த மனுஷர். கேட்டுவிட்டு, “அப்படியா, சரி சரி” என்றார். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போலிருக்கிறது என்று நானே நினைத்துக்கொண்டேன். இவர் கீழே இறங்கி ஓடி, எதிர்க்கடையில் பெரிய சாக்லேட் பெட்டி ஒன்று வாங்கிக்கொண்டு வந்தார். எனக்கு முதலில் நீட்டினார். “ஒண்ணு எடுத்துக்கோ” என்று சொல்லிவிட்டு இரண்டு கொடுத்தார்.

பிரிவில் என்ன நடந்தது என்று பிறகு அங்கே வேலை செய்யும் ஒரு பெண் எனக்குச் சொன்னாள். அவள் சொல்லாமலே இருந்திருக்கலாம். இவர் ஒவ்வொரு மேஜையாகப் பெட்டியை நீட்டிக்கொண்டு போயிருக்கிறார். எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். “வாழ்த்துகள் எலி அண்ணே!”, “இனிமே எலி சார்னு கூப்பிடணுமா அண்ணே?” உறையைப் பிரித்து வாயில் போட்டு, குனிந்து கீபோர்டைப் பார்த்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்திருக்கிறார்கள். சின்னவர் இரண்டாவது தடவையும் கையை விட்டு எடுத்தாராம். ஒருத்தன், ஒரே ஒருத்தன்கூட வாயைத் திறந்து உண்மையைச் சொல்லவில்லை. நாசமாய்ப் போனவர்கள், தின்ற வாய்க்காவது நன்றி இருந்திருக்க வேண்டாமா!

என்ன நடந்தது என்றால், காலையில் சீக்கிரம் வந்த மாமா பெட்டி காலியாக இருப்பதைப் பார்த்திருக்கிறார். இயக்குநர்கள் முன்னால் போய்க் காலிப் பெட்டியைக் காட்டுவதா என்று பதறி, தன் பாஸ்வேர்டையே கொடுத்துச் சின்னவரை உட்கார வைத்து, பெட்டியை மறுபடி சோதனை டேட்டாபேஸுக்குத் திருப்பச் சொல்லியிருக்கிறார். அங்கே அந்தப் பெட்டிக்காக ஒரே ஒரு சோதனைத் தகவல்தான் இருந்தது. என் வீட்டுக்காரர் சர்வரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நாட்களில், அந்தப் பெட்டியைச் சோதித்துப் பார்த்த சின்னவர் போட்டு வைத்தது, இவர் கண்ணில் படவில்லை. விதிப்படிதான் போட்டாராம்.

கூட்டம் முதல் மாடிப் பெரிய அறையில். இயக்குநர்களை வாசலிலிருந்து அழைத்துக்கொண்டு போவது என் வேலை. தண்ணீர் பாட்டில்களை அடுக்கிவிட்டுச் சுவரோரம் நிற்பதும் என் வேலை. இவர் கம்ப்யூட்டரை இயக்குவதற்காக மூலையில் நின்றார். சட்டையை உள்ளே விட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்திருந்தார். இடது கையில் அந்தச் சாக்லேட் பெட்டி. பெரியவர்களுக்கும் கொடுக்கலாம் என்று வைத்திருந்திருக்கிறார்.

மாமா நன்றாகத்தான் பேசினார். பேச்சில் அவரை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. தனித்தனி வாசல், தனித்தனி பாஸ்வேர்டு, எல்லாம் ஒழிந்தது என்றார். ‘நாங்கள் இணைத்தோம்’ என்றார். திரையில் முதல் பக்கம் வந்தது. என் வீட்டுக்காரர் சுவர் உயரத்துக்குத் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

தலைமை இயக்குநர் ஒரு வயதான அம்மா. கண்ணாடியை மேலே தூக்கித் திரையைப் பார்த்தார், மூலையில் நின்றவரைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. “அட, இவர்தானா? புதுப் பிரிவுத் தலைவர் இங்கேயேதான் நிக்கிறாரா!” என்று எழுந்து கையை நீட்டினார். இவர் பெட்டியை இடுப்போடு அணைத்துக்கொண்டு கையைக் கொடுத்தார். “நன்றி மேடம். ரொம்ப நன்றி” என்றார். எனக்குக் கண் மறைத்தது. கல்யாணத்தன்றுகூட இந்த மனுஷன் இவ்வளவு நிமிர்ந்து நின்றதில்லை.

“ஐயோ மேடம், இல்ல இல்ல” என்றார் மாமா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். “அது டெஸ்ட் டேட்டா. இந்த மாசம் ஆர்டர் எதுவும் இல்ல, பெட்டி காலியா இருந்துச்சு, சாம்பிளுக்காகப் போட்டோம்.”

அம்மாவின் கை இவர் கைக்குள்ளேயே இருந்தது. “டெஸ்ட்டா? இவர் நன்றி சொன்னாரே?”

“நம்ம ஆள் தமாஷ் பண்றார் மேடம். எங்க பிரிவுல ஒரு ரூல் இருக்கு. டெஸ்ட் டேட்டான்னா நடக்கவே முடியாததைத்தான் போடணும். ஆம்பளைக்குப் பிரசவ லீவு, அந்த மாதிரி. அப்பத்தான் நிஜத்தோட கலந்தாலும் பாத்த உடனே தெரியும். இதைப் பாருங்க, எங்க பிரிவுல யாருக்கும் சந்தேகமே வரலை. பாத்த உடனே டெஸ்ட்டுனு தெரிஞ்சுக்கிட்டாங்க.”

மேஜையைச் சுற்றிச் சிரிப்பு எழுந்தது. அந்த அம்மாவும் சிரித்துவிட்டார். கெட்டவர் இல்லை, அவருக்கு என்ன தெரியும்? “நல்ல முறையா இருக்கே. யாரோட யோசனை?”

“இவரோடதுதான் மேடம்” என்று மாமா என் வீட்டுக்காரரின் தோளில் தட்டினார்.

எல்லாரும் கை தட்டினார்கள். அவருக்காகத்தான் தட்டினார்கள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு மெதுவாக, எங்கள் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பார்க்கிற அந்தச் சிரிப்பு வந்தது. நான் கையிலிருந்த பாட்டிலை மாமாவின் மண்டையில் போட்டிருக்கலாம். போடவில்லை. மாதச் சம்பளம், வீட்டு வாடகை, அக்கா, எல்லாமாகச் சேர்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டன.

“சரி, இப்ப நிஜத்துக்கு மாத்திக் காட்டுப்பா” என்றார் மாமா.

பெட்டியைக் கீழே வைத்துவிட்டு இவர் குனிந்து உட்கார்ந்தார். அறையில் கீபோர்டு சத்தம் மட்டும் கேட்டது. தப்பில்லாமல், தடுமாறாமல் செய்தார். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை, விரல்கூட நடுங்கவில்லை. சுவரிலிருந்து அவர் படம் போனது. ‘எதுவும் இல்லை’ என்று வந்தது. “அருமை” என்றார் ஒரு இயக்குநர். இன்னொரு தடவை கை தட்டினார்கள்.

மத்தியானம் அவர் சாப்பிட வரவில்லை. மாடியில் ஏதோ அனுமதிகளைச் சரிபார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். நான் வெளியே போய் மரத்தடியில் நின்று மாமனாருக்கு மறுபடி போன் போட்டேன். தப்பாகிவிட்டது, அது சோதனைக்குப் போட்டதாம் என்று சொல்வதற்குள் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஊரெல்லாம் சொல்லியிருப்பாரே, யார் யாரிடம் போய்ச் சொன்னதை எப்படித் திருப்பி வாங்குவார் என்று பயம்.

“அட, அதனால என்னம்மா” என்றார் மாமனார். ரொம்ப அன்பாகத்தான் சொன்னார். “நான் யாருகிட்டயும் மூச்சு விடலை. அவனுக்கு நடக்கிற காரியமா எனக்குப் படலை. அதான் பாத்துக்கிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்.”

சாயங்காலம் பஸ்ஸில் இவர் கேட்டார், “அப்பாவுக்குச் சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன். ரொம்ப வருத்தப்பட்டார்.”

“யாருகிட்டயாவது சொல்லியிருந்தாரா?”

“இல்லையாம்.”

“ம்” என்றார். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

அடுத்த வாரம் பெட்டியில் ஒரு படம் வந்தது. இந்தத் தடவை சோதனை இல்லை. நிஜ டேட்டாபேஸ், நிஜ ஆர்டர். பிரிவுத் தலைவர் என்று சின்னவரின் படம், புதுச் சட்டை போட்டு ஸ்டுடியோவில் எடுத்த படம், என் முதுகுக்குப் பின்னால் நாள் முழுக்க நின்றது. வருகிறவர்கள் எல்லாம் அதைப் பார்த்துக்கொண்டேதான் என்னிடம் பேசினார்கள். இணைப்பு ஒரு நொடிகூட அறுபடவில்லை. அவ்வளவு ஒழுங்காகச் செய்து வைத்திருந்தார் என் வீட்டுக்காரர்.

அக்கா போன் பண்ணினாள். “உன் வீட்டுக்காரர் எதையும் மனசுல வச்சுக்க மாட்டாருன்னு உன் மாமா சொல்றாருடி. அவருக்கு ஆளுங்களை மேய்க்கிற சாமர்த்தியம் இல்லையாம், வேலைதான் நல்லாச் செய்வாராம். ஞாயித்துக்கிழமை வந்துடுங்க, சின்னவருக்கு விருந்து.”

“எங்களுக்கு வேற வேலை இருக்கு” என்று வைத்துவிட்டேன். அவளோடு பிறந்த பாவத்துக்கு அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அடுப்படியில் ஆரம்பித்தேன். அன்றைக்கு நான் யாரையும் மிச்சம் வைக்கவில்லை. மாமாவை, சின்னவரை, அக்காவை, சாக்லேட்டைத் தின்றுவிட்டுக் குனிந்து சிரித்த அந்தக் கும்பலை, எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து வெளுத்து வாங்கினேன். இவர் வழக்கம்போல மேஜையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

“ஒருத்தனுக்காவது நெஞ்சுல ஈரம் இருக்கா? உங்க வேலை என்னன்னு தெரியாதா அவனுங்களுக்கு? உங்க படத்தையும் அந்தப் பதவியையும் ஒண்ணாப் பாத்தா, ‘ஆமா, இவருக்குத்தானே வரணும்’னு ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் ஒரு நாய்க்காவது தோணுச்சா? பாத்த உடனே டெஸ்ட்டுனு தெரிஞ்சுதாம்! சொல்றதுக்குக் கூசலை?”

கத்தி பலகையில் ஒரே சீராகப் பட்டுக்கொண்டிருந்தது.

“உங்களைப் பெத்தவர்…” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.

“அப்பா நம்பலை. எனக்குத் தெரியும்” என்றார். “விடு.”

“எப்படிங்க விடறது?”

“நீயும் அன்னிக்குக் காலைல போன்ல முதல் கேள்வியே ‘டெஸ்ட்தானே’ன்னுதானே கேட்ட?”

கோபமாகக் கேட்கவில்லை. குரலை உயர்த்தவில்லை, என்னைப் பார்க்கக்கூட இல்லை. கரண்டியை வைத்துக்கொண்டு நான் அப்படியே நின்றேன். எண்ணெய் காய்ந்து புகைய ஆரம்பித்தது.

“நான் சும்மா… ஒரு பேச்சுக்குக் கேட்டேங்க.”

“தப்பில்லம்மா. அதுக்குத்தானே ரூலே” என்றார். “யாரும் ஏமாறக் கூடாதுன்னுதான் போட்டேன். யாரும் ஏமாறலை பாரு.”

நான் அடுப்பை அணைத்தேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தவித்தேன். அவரை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள், அவர் காலில் விழுந்தாவது நான் அப்படி நினைக்கவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அதையும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார் என்று பயமாக இருந்தது.

அவர் நறுக்கியதை ஒரு ஓரமாகக் கூட்டி, பலகையை என் பக்கம் தள்ளினார்.

“இது போதுமா, இன்னும் ஒண்ணு நறுக்கட்டுமா?”

போதும் என்றேன்.